வலிக்கிற வரைக்கும்

பிறந்த தேதியைக் கேட்டு வயது சொல்வதை அரசாங்கம் நிறுத்திப் பதினான்கு வருடங்கள் ஆகிவிட்டன. இப்போதெல்லாம் ஒருவரின் கைப்பிடி எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று அளந்து, ஒரு எண்ணை அட்டையில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அதற்குத் தசை வயது என்று பெயர். வேலை, ஓய்வு, லைசென்ஸ், பஸ்ஸில் எந்த இருக்கை என்பது வரைக்கும் அந்த எண் சொல்வதுதான். எழுபது தாண்டிய சுமைதூக்கும் ஆள் ஒருவர் முப்பத்தெட்டு என்று அட்டை வாங்கி மீசையை முறுக்கிக்கொண்டு போனார். நாற்பதில் தொந்தி போட்ட அதிகாரி ஐம்பத்தொன்பது என்று வாங்கி, அட்டையைப் பர்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த சட்டம்தான். கெட்ட எண்ணத்தில் கொண்டுவந்திருந்தால் யாராவது எதிர்த்திருப்பார்கள்.

மேட்டுப்பாளையம் தசை வயது மையத்தில் சிந்துஜா முதல் நாளிலிருந்தே அளப்பவள். கையில் பிடித்து அழுத்தும் அந்தக் கருவிக்கு அரசாங்கம் வைத்த பெயர் வலுமானி. ஊரில் அதற்கு அமுக்கி என்றுதான் பெயர். அதை ஆளின் கையில் கொடுத்துவிட்டு அவள் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு. "முழு பலத்தோடு அழுத்துங்கள், நான் சொல்லும் வரை விடாதீர்கள்." இதில் ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதட்டினால் ஆட்கள் கூடுதலாக அழுத்துவார்கள், இரக்கப்பட்டால் குறைத்து அழுத்துவார்கள் என்பதால் மாநிலம் முழுக்க ஒரே வாக்கியம், ஒரே சுருதி. சிந்துஜாவுக்கு அது எவ்வளவு பழகிப்போயிருந்தது என்றால், வீட்டில் துணி பிழிகிற கணவன் மௌலியிடமும் சில சமயம் அதே சுருதியில் சொல்லிவிடுவாள்.

அந்த வாக்கியத்தை அவள் ஒரே ஒரு தடவை மாற்றிச் சொன்னாள். ஆறு வருடங்களுக்கு முன்னால், தன் நாத்தனார் நிரஞ்சனாவிடம்.

நிரஞ்சனா அப்போது கோத்தகிரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தவள். முப்பத்திரண்டு வயதில் அவளுக்கு உடம்பு வலிக்க ஆரம்பித்தது. தோளில், இடுப்பில், முழங்கையில் என்று இடம் மாறி மாறி வலிக்கும். சில நாள் சீப்பு பட்டாலே தலை வலிக்கிறது என்பாள். ரத்தப் பரிசோதனை சுத்தம், எக்ஸ்ரே சுத்தம். அலையாய் அலைந்து, கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். பெயர் கிடைத்ததால் வலி குறையவில்லை, வீட்டாரின் சந்தேகமும் குறையவில்லை. "ரிப்போர்ட்டுல ஒண்ணுமில்லீங்கறாங்க, இவ மட்டும் வலிக்குது வலிக்குதுங்கறா" என்று மௌலி தங்கையின் காதுபடவே சொல்லுவான். டிப்போவில் அதையே இன்னும் சுருக்கி, நடிப்பு என்றார்கள். அவள் யாரிடமும் வாதாடவில்லை. விடிகாலையில் எழுந்து, விரல்களை வெந்நீரில் முக்கி மடக்கப் பழக்கி, பதினோரு வருடம் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏற்றி இறக்கினாள்.

சிந்துஜாவும் நம்பாதவர்களில் ஒருத்திதான். ஒருநாள் காலை அவள் சமையலறைக்குள் வந்தபோது, நிரஞ்சனா டிபன் கேரியரின் கொக்கியைத் திறக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தாள். சத்தமே இல்லை, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அழுகிறவள் யாருக்காக நடிப்பாள்? சிந்துஜா வந்த வழியே ஓசைப்படாமல் திரும்பிவிட்டாள். நம்பாமல் இருந்த அத்தனை வருடங்களுக்கும் சேர்த்து ஏதாவது செய்துவிட வேண்டும் என்று அன்றைக்கு அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அடுத்த மாதம் நிரஞ்சனாவுக்கு அளவு எடுக்கும் முறை வந்தது. காலையில்தான் அவள் விரல்கள் மிகவும் இறுகிப்போயிருக்கும் என்று தெரிந்தே, எண் கூடி அவளுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று, மார்கழிக் குளிரில் காலை ஏழு மணியைச் சிந்துஜா அவளுக்கு ஒதுக்கினாள். அமுக்கியைக் கையில் கொடுத்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

"வலிக்கிற வரைக்கும் அமுக்குனாப் போதும், அம்மணி. அதுக்கு மேல வேண்டாம்."

நிரஞ்சனா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அமுக்கினாள், விட்டாள். எழுபத்தொன்று என்று எண் வந்தது.

மூத்தோர் அட்டை கைக்கு வந்த அன்று நிரஞ்சனா சிரிக்கத்தான் செய்தாள். "எங்கம்மா அட்டையிலயே அறுபத்தி நாலுதானுங்கண்ணி. இனி அவங்கதான் எனக்கு மரியாதை குடுக்கோணும்" என்றாள். டிப்போக்காரர்கள் வந்து சீருடையையும் லைசென்ஸையும் வாங்கிக்கொண்டு போனபோது அவள் சிரிக்கவில்லை. "இனி நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், நாங்க பாத்துக்கறோம்" என்று சிந்துஜா அவள் முதுகைத் தடவினாள்.

பார்த்தும் கொண்டாள். அந்த விஷயத்தில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. மாடி ஏற வேண்டாம் என்று கீழ் அறைக்கு மாற்றினாள். குடத்தைத் தொடவிடவில்லை, பிறகு சொம்பை, பிறகு தம்ளரில்கூடப் பாதிதான் ஊற்றிக் கொடுத்தாள். தலைவாரி விட்டாள், வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து எழ, எப்போதும் ஒரு கை நீட்டினாள். ஆரம்பத்தில் "நான் பண்ணிக்கறனுங்கண்ணி" என்று நிரஞ்சனா சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். ஒரே ஒரு தடவை, "பஸ் ஓட்டுனப்பவும் வலிச்சுது, சும்மா உக்காந்திருக்கறப்பவும் அதே வலிதானுங்கண்ணி இருக்குது" என்றாள். "அதுக்குத்தான் அசையாதேங்கறேன்" என்று சிந்துஜா தலையணையை நகர்த்தி வைத்தாள்.

இப்படியே ஆறு வருடங்கள் போனபிறகுதான் சென்னையிலிருந்து டாக்டர் ஆபிதா மையத்துக்கு வந்தார். மெலிந்த உடம்பு, வேகமான பேச்சு. பழைய பதிவுகளைத் திரையில் வரிசையாக ஓடவிட்டுக்கொண்டே சொன்னார்.

"அமுக்கி எண்ணை மட்டும் பதிவு பண்ணலைம்மா. அழுத்துற ஒவ்வொரு நொடியையும் கோடா வரைஞ்சு வச்சிருக்கு. இத்தனை நாளா அதைப் படிக்க நமக்குத்தான் தெரியலை. இந்தக் கோட்டைப் பாருங்க. மெதுவா ஏறுது, உச்சிக்குப் போகுது, நடுங்குது, அப்புறம் தளர்ந்து இறங்குது. இவங்க இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்துட்டாங்க. இப்ப இதைப் பாருங்க."

இரண்டாவது கோடு ஏறிக்கொண்டே போய், நடுவழியில் வெட்டினாற்போல் கீழே விழுந்தது.

"இங்கே தசை தோற்கலை. ஆள் நிறுத்திட்டாங்க."

"அப்படீன்னா நடிச்சாங்களா, டாக்டர்?" என்று கேட்டாள் சிந்துஜா.

"வலியா இருக்கலாம், பயமா இருக்கலாம், வேணும்னே விட்டதாவும் இருக்கலாம். அது கோட்டுல தெரியாது. உள்ளே இன்னும் பலம் இருந்துச்சு, அது மட்டும்தான் தெரியும். எவ்வளவு இருந்துச்சுன்னு இப்ப கணக்குப் போட்டுச் சொல்லிடலாம். இவங்களுக்கு எழுபத்தொண்ணுன்னு அட்டை கொடுத்திருக்கோம். அன்னைக்கு இவங்க தசைக்கு நாற்பத்தாறு வயசு."

திரையின் மூலையில் பெயர் இருந்தது. நிரஞ்சனா. 

"இந்த நோய் இருக்கிற பெண்களோட கோடு முக்கால்வாசி இப்படித்தான் இருக்கு" என்று ஆபிதா தொடர்ந்தார். "வலி முன்னாடி வந்து நின்னுக்குது, பலம் பின்னாடியே நின்னுடுது. இவங்களுக்கு நாம செஞ்சிருக்க வேண்டியது வலிமைப் பயிற்சி. அரைக் கிலோவுல ஆரம்பிச்சு, மெதுவா, வலியோடயே கூட்டிக்கிட்டுப் போகணும். நாம ஓய்வு கொடுத்தோம். பயன்படுத்தாத தசை காத்துக்கிட்டு இருக்காதும்மா, போயிடும்."

"அறுபதுக்கு மேல அட்டை இருந்தாப் பயிற்சிக் கூடத்துல சேர்க்கறதில்லீங்களே, டாக்டர்."

"அதான் நம்ம சட்டத்தோட லட்சணம்" என்றார் ஆபிதா. "மறு அளவு எடுக்க உத்தரவு வாங்கியிருக்கேன். கையில ஒரு பட்டை கட்டுவோம். நாலு நிமிஷத்துக்கு வலி மட்டும் மரத்துப் போகும், பலம் அப்படியே இருக்கும். அதுல அறுபதுக்குக் கீழே வந்தா பழைய எண்ணை அழிச்சிடலாம். லைசென்ஸும் திரும்பக் கிடைக்கும்."

சிந்துஜா அன்று மத்தியானமே வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். "உன்ற பஸ்ஸு திரும்பக் கெடைச்சிரும், அம்மணி." நிரஞ்சனா நம்பாமல் இரண்டு தடவை கேட்டாள். பிறகு அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேறு பேச்சே இல்லை. "பாதைய அகலமாக்கிட்டாங்களாமா? அந்த ஏழாவது வளைவுல எதிர்க்க வர்ற வண்டி தெரியவே தெரியாதுங்கண்ணி, ஹாரன் அடிச்சுட்டே ஏறோணும்" என்று ஆள் இல்லாத போதும் பேசிக்கொண்டிருந்தாள். மௌலி, அறுபத்தெட்டு என்று அட்டை வந்து வேலை போனதால் வீட்டோடு இருந்தான். அவன் விஷயத்தில் அமுக்கி ஒரு தப்பும் செய்யவில்லை. தங்கையின் பேச்சைக் கேட்டு அவனுக்கும் உற்சாகம் வந்து, பழைய பஸ் டிக்கெட் ஒன்றைத் தேடியெடுத்துக் காட்டினான்.  சிந்துஜா மட்டும் நாற்பத்தாறு என்ற எண்ணையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறு அளவு நாளன்று வேறு ஊரிலிருந்து வந்த ஓர் ஊழியர்தான் அமுக்கியைக் கொடுத்தார். சொந்தக்காரர்கள் அளக்கக் கூடாது என்று புதிதாக விதி வந்திருந்தது. அந்த விதி ஆறு வருடம் பிந்தி வந்தது என்று சிந்துஜா நினைத்துக்கொண்டாள். முழங்கைக்கு மேல் பட்டையைக் கட்டிச் சுவிட்சைப் போட்டார்கள்.

நிரஞ்சனா தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். விரல்களை மடக்கினாள், விரித்தாள், மறுபடியும் மடக்கினாள். பதினேழு வருடங்களுக்குப் பிறகு வலியில்லாத கை. இருந்த நாலு நிமிடத்தில் ஒரு நிமிடம் அதிலேயே போயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. "யாரு கையவோ கொண்டாந்து ஒட்டுன மாதிரி இருக்குதுங்கண்ணி" என்று சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாள்.

"முழு பலத்தோடு அழுத்துங்கள், நான் சொல்லும் வரை விடாதீர்கள்" என்றார் அந்த ஊழியர்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது. திரையில் கோடு கொஞ்சம் ஏறியது, தாழ்ந்த ஓர் இடத்திலேயே உச்சியைத் தொட்டது, நடுங்கியது, தளர்ந்து இறங்கியது. வெட்டு எதுவும் இல்லை. இருந்த பலம் அவ்வளவுதான். எழுபத்திரண்டு என்று எண் வந்தது.

ஆபிதா திரையை அணைத்தார். "அன்னைக்கு மெஷின் சொன்னது தப்பு. இன்னைக்கு அது சொல்றது சரி" என்றார்.

நிரஞ்சனா சிரிப்பு மாறாமலே அமுக்கியைத் திருப்பிக் கொடுத்தாள். மரப்பு விட்டுக்கொண்டிருந்தது. விரல்கள் பழையபடி உள்ளே சுருண்டன.

"இன்னும் ஒரு வழி இருக்கு" என்று ஆபிதா ஒரு படிவத்தை எடுத்தார். "பழைய அளவுல அளந்தவங்க பக்கம் தப்பு நடந்திருந்தா, அட்டையே செல்லாது. எண் என்னவா இருந்தாலும் சரி, திங்கட்கிழமையே உங்களைப் பயிற்சிக் கூடத்துல சேர்த்துடுவேன். பஸ் ஓட்டலாம்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா ஒரு வருஷத்துல பத்து வயசு குறைஞ்சவங்களை என் கண்ணால பார்த்திருக்கேன். தானா எழுந்து, தானா குளிச்சு, தானா படி ஏறலாம். நீங்களே வேணும்னு விட்டதா இருந்தா மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. அதோட கோப்பை மூடிடுவாங்க, மறுபடி மனு போட முடியாது." பிறகு திரும்பினார். "நீங்கதானே அளந்தீங்க, சிந்துஜா? அந்த வாக்கியத்தை அப்படியேதான் சொன்னீங்களா?"

 இல்லை என்று சொன்னால் சிந்துஜாவின் அளப்பவர் சான்றிதழ் போகும். பதினான்கு வருடங்களில் அவள் அளந்த ஒவ்வொருவரும் வந்து வாசலில் நிற்பார்கள். வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். இவ்வளவையும் அவள் ஒரு மூச்சுக்குள் நினைத்து முடித்தாள். அந்த ஒரு மூச்சே அதிகமாகிப்போனது.

"அண்ணி எல்லாத்துக்கும் சொல்றதத்தானுங்க எனக்கும் சொன்னாங்க, டாக்டரம்மா" என்றாள் நிரஞ்சனா. "நாந்தான் வேணும்னே விட்டுப்போட்டேன். பஸ் ஓட்டிச் சலிச்சுப்போயிருந்துது. நடிச்சேனுங்க."

ஆபிதா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிந்துஜாவைப் பார்த்து, "அப்படியா?" என்றார்.

சிந்துஜா தலையைக் குனிந்துகொண்டாள். ஆமாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. குனிந்த தலையே பதிலாகிவிட்டது. டாக்டர் ஒரு கட்டத்தில் குறியிட்டு, "அஞ்சு மணிக்குப் பதிவு சென்னைக்குப் போயிடும்" என்று பெருமூச்சு விட்டார்.

மூன்றரை மணி பஸ்ஸில் கூட்டம் இல்லை. மூத்தோர் இருக்கையில் நிரஞ்சனாவை உட்கார வைத்துவிட்டுச் சிந்துஜா பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நிறுத்தங்கள் போனபிறகு அவள் கேட்டாள்.

"எதுக்கு அம்மணி அப்படிச் சொன்னே?"

"வேறென்னத்தச் சொல்றதுங்கண்ணி. உங்க வேலை போச்சுன்னா, அண்ணன் அந்தத் தொந்தியத் தூக்கீட்டு எங்க போவாரு?"

"வெளையாடாதே."

நிரஞ்சனா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "முழுசாப் பொய்யுமில்லீங்க. அன்னிக்கு இன்னும் அமுக்கியிருக்கலாம். கையில இருந்துது, எனக்கே தெரிஞ்சுது. பதினோரு வருசம் வலியோடதானுங்க ஸ்டியரிங் புடிச்சேன், அந்த அமுக்கிய அமுக்க மாட்டனா? ஆனா நீங்க வலிக்கிற வரைக்கும்னு சொன்னீங்க பாருங்க. அந்த ஊட்டுல எனக்கு வலிக்கும்னு ஒத்துக்கிட்ட மொத ஆளு நீங்கதானுங்கண்ணி. அதையும் தாண்டி அமுக்குனேன்னா, அட, இவளுக்கு வலியே இல்ல போலிருக்குதுன்னு நீங்களும் நெனச்சுப்போடுவீங்களோன்னு பயந்துட்டேன். அதான் நிறுத்திட்டேன்."

சிந்துஜாவுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாருக்காக என்று நினைத்து அவள் அந்த வாக்கியத்தை மாற்றினாளோ, அவள் சிந்துஜாவுக்காகத் தன் பஸ்ஸை விட்டுக் கொடுத்திருக்கிறாள். இன்றைக்கு மறுபடியும், மிச்சம் இருந்ததையும் விட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இரண்டு தடவையும் சிந்துஜா பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கையெட்டும் தூரத்தில் இருந்த பொத்தானை அவள் அழுத்தினாள். முன்னால் மணி அடித்தது.

"ஊட்டுக்கு இன்னும் நாலு ஸ்டாப்பு இருக்குதுங்களே" என்றாள் நிரஞ்சனா.

"மையத்துக்குத் திரும்பிப் போறோம். அஞ்சு மணிக்குள்ள அந்த டாக்டரம்மாவப் பாக்கோணும். நான் என்ன சொன்னேன்னு நானே சொல்றேன்."

"வேண்டாமுங்கண்ணி."

"நீ பேசாத. எந்திரி."

பஸ் நின்றது. கதவு திறந்தது. சிந்துஜாவின் கைகள் பழக்கத்தில் தாமாகவே நீண்டன. அவள் அவற்றை மடக்கி, பின்னால் இழுத்துக்கொண்டாள். நிரஞ்சனா காற்றில் நீட்டிய தன் கையோடு அவளை ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். பாதி எழுந்து, முழங்கால் நடுங்கி, பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். வலியில் முகம் சுருங்கியது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கதவை மூடாமல் காத்திருந்தாள். பின்னால் இருந்த பெண் ஒருத்திக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, பாட்டிக்கு ஒரு கை குடுத்தாத்தான் என்னங்க? கல்லாட்ட நின்னு பாத்துட்டிருக்கறீங்க" என்றாள்.

அந்தப் பாட்டிக்கு நாற்பத்தொன்பது வயது. அதைச் சொல்ல சிந்துஜாவுக்கு வாய் வரவில்லை. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். நிரஞ்சனா கம்பியை மறுபடியும் பிடித்தாள்.